வளைந்த காலை எவ்வளவு நிமிர்த்துவது?

தென்காசி மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில், குற்றாலச் சாரல் எட்டாத கரிசல் பூமியில் இருக்கிறது திருவேங்கடம். சங்கரன்கோவிலுக்கோ கோவில்பட்டிக்கோ போகிற பஸ்ஸில் ஏறும் பெண்களில் ஐம்பதைத் தாண்டியவர்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலி குறைந்த காலை முதலில் படியில் வைத்து, மற்றதை இழுத்து வைப்பார்கள். நடக்கையில் முழங்கால்கள் வெளிப்பக்கம் விலகி நிற்கும். ஒவ்வோர் அடிக்கும் உடம்பு ஒருபுறம் சாய்ந்து நிமிரும். குத்தவைத்துக் களையெடுத்தது, தீப்பெட்டி ஆபீஸில் தரையில் உட்கார்ந்து வேலை பார்த்தது, சம்மணம் போட்டுப் பீடி சுற்றியது என்று முப்பது நாற்பது வருட உழைப்பு அந்த மூட்டுக்குள் கிடக்கிறது. கேட்டால் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: "மூட்டு தேய்ஞ்சு போச்சுய்யா."

இது கரிசலுக்கு மட்டும் உரிய நோயல்ல. இந்தியாவின் ஐந்து பகுதிகளில் நாற்பது வயதைக் கடந்தவர்களிடம் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வு, நூற்றில் 28.7 பேருக்கு முழங்கால் மூட்டுத் தேய்வு இருப்பதாகச் சொன்னது. நெடுநேரம் குத்தவைத்து உட்கார்ந்தே பழகியவர்களுக்கு இது கூடுதலாக வருகிறது என்று பீஜிங் நகரத்து முதியவர்களிடம் நடத்திய ஆய்வு 2004இல் காட்டியது.

மாத்திரை, எண்ணெய், ஊசி எல்லாம் பார்த்து அலுத்த பிறகு சிலர் அறுவை சிகிச்சைக்கு வருகிறார்கள். அவர்களில் ஒரு பகுதியினரிடம் டாக்டர், "முழு மூட்டையும் மாற்ற வேண்டாம், உள்பக்கம் மட்டும் மாற்றினால் போதும்" என்கிறார். அதுவும் நடக்கிறது. வலி போய்விடுகிறது. ஆனால் வீட்டுக்கு நலம் விசாரிக்க வருகிற சொந்தக்காரர்கள் வலியைப் பற்றிக் கேட்பதில்லை, காலைப் பார்க்கிறார்கள். "இவ்வளவு செலவழிச்சும் கால் இன்னும் லேசா வளைஞ்சுதானே இருக்கு? பக்கத்து வீட்டு ஆச்சிக்கு முழுசா மாத்தினாங்க, குச்சி மாதிரி நேரா நிக்குதே!" அன்று ராத்திரி நோயாளிக்குத் தூக்கம் வராது.

அந்தச் சந்தேகத்துக்குப் பதில் இருக்கிறது. பகுதி மூட்டு மாற்றுக்குப் பின் கால் லேசாக வளைந்திருப்பது பெரும்பாலும் சரியான வேலையின் அடையாளம். குச்சிபோல நேராக வந்திருந்தால்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஏன் என்று புரிய, காலுக்குள் ஓடும் ஒரு கற்பனைக் கோட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

நிற்கிற ஒருவரின் இடுப்புப் பந்தின் மையத்திலிருந்து கணுக்காலின் மையத்துக்கு ஒரு நேர்கோடு இழுங்கள். உடம்பின் பாரம் ஏறக்குறைய இந்தக் கோட்டில்தான் தரைக்கு இறங்குகிறது. போலந்து வம்சாவளி அறுவை மருத்துவர் மிகுலிச் 19ஆம் நூற்றாண்டில் விவரித்த கோடு இது. இன்றைக்கும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். நல்ல காலில் இது முழங்காலின் நடுவிலோ, நடுவுக்குச் சற்று உட்புறமாகவோ கடக்கும். அதனால்தான் தேய்வில்லாத மூட்டிலும் பாரத்தின் பெரும்பங்கை உள்பக்க அறையே சுமக்கிறது. முழங்காலுக்குள் மூன்று அறைகள்: உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, முன்னால் சில்லு எலும்பு தொடையெலும்பின் மேல் உராயும் இடம் ஒன்று. நம் ஊரில் முதலில் தேய்வது பெரும்பாலும் உள்பக்க அறைதான்.

அந்தப் பாரம் எவ்வளவு? பெர்லின் சாரிட்டே மருத்துவமனை ஆய்வாளர்கள் சிலருடைய செயற்கை மூட்டுக்குள்ளேயே அளவுக் கருவியை வைத்து, அது வானொலி அலையில் அனுப்பிய கணக்கை 2010இல் வெளியிட்டார்கள். சமதரையில் நடக்கும்போது உடல் எடையைப்போல 2.6 மடங்கு, படி இறங்கும்போது சுமார் மூன்றரை மடங்கு. அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் பழைய குற்றாலத்தில் குளித்துவிட்டுப் படி இறங்கினால், ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் 200 கிலோவுக்கு மேல் விழுகிறது என்று பொருள்.

உள்பக்கக் குருத்தெலும்பு தேயத் தேய, மூட்டு அந்தப் பக்கம் தாழ்கிறது. தாழ்ந்தால் கால் வளைகிறது, கோடு இன்னும் உட்புறம் நகர்கிறது, நகர்ந்த இடத்தில் பாரம் கூடுகிறது, கூடிய பாரம் மேலும் தேய்க்கிறது. சிகாகோவில் லீனா சர்மா குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், வளைந்த கால்காரர்களுக்குப் பதினெட்டு மாதத்தில் உள்பக்கத் தேய்வு முற்றும் வாய்ப்பு நாலு மடங்காக இருந்தது. ஒருமுறை வளையத் தொடங்கிய கால் தானாக நிற்காது.

அப்படியானால் கோட்டை மூட்டின் நட்டநடுவில் கொண்டுவந்து நிறுத்திவிட வேண்டியதுதானே? முழு மூட்டு மாற்றில் பல பத்தாண்டுகளாக அதைத்தான் குறியாக வைத்திருந்தார்கள். இரண்டு எலும்புகளையும் கோட்டுக்குச் செங்குத்தாக வெட்டி, இறுகிய தசைநார்களைத் தளர்த்தி, காலை 180 டிகிரிக்குக் கொண்டுவருவது. ஆனால் இயல்பிலேயே எல்லாருக்கும் கால் 180 டிகிரியில் இருக்கிறதா? பெல்ஜியத்தில் யோஹன் பெலமன்ஸ் 20 முதல் 27 வயதுவரையான 250 பேரின் கால்களைப் படமெடுத்து 2012இல் வெளியிட்டார். மூட்டுவலி எதுவும் இல்லாத அந்த இளைஞர்களில், ஆண்களில் 32 சதவீதம் பேருக்கும் பெண்களில் 17 சதவீதம் பேருக்கும் கால் மூன்று டிகிரியோ அதற்கு மேலோ வெளிப்புறம் வளைந்திருந்தது. ஆரோக்கியமான இந்தியர்களையும் கொரியர்களையும் அளந்து 2014இல் வெளிவந்த ஆய்விலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு கால் அப்படித்தான். நம் ஊரில் வயசுப்பிள்ளைகள் ஓடும்போது யாரும் இதைக் கவனிப்பதில்லை. அறுபது வயதில் எக்ஸ்ரே எடுத்தால் மட்டும் மொத்த வளைவையும் நோயின் கணக்கில் எழுதிவிடுகிறோம். அதில் ஒரு பகுதி நோய்க்கு முன்பே இருந்தது.

பகுதி மூட்டு மாற்றின் சாமர்த்தியம் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில் இருக்கிறது. நோயால் வந்த வளைவை மட்டும் எடுக்க வேண்டும். இயல்பான வளைவைத் தொடக்கூடாது. எது எவ்வளவு என்று எப்படித் தெரியும்? முப்பது வயதில் எடுத்த எக்ஸ்ரே யாரிடமும் இருக்காது. ஆனால் மூட்டுக்குள் ஒரு சாட்சி இருக்கிறது: உள்பக்கத்துப் பக்கவாட்டுத் தசைநார்.

இந்தச் சாட்சியத்தைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த இருவர்: அறுவை மருத்துவர் ஜான் குட்ஃபெலோ, பொறியியலாளர் ஜான் ஓ'கானர். 1970களில் அவர்கள் வடிவமைத்த ஆக்ஸ்போர்டு மூட்டு 1976இல் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. தொடையெலும்பில் வளைந்த உலோகத் தொப்பி, கீழ்க்கால் எலும்பில் தட்டையான உலோகத் தட்டு, இரண்டுக்கும் நடுவே எதிலும் ஒட்டாமல் முன்னும் பின்னும் நகரும் பாலிஎத்திலீன் வில்லை. முதலில் இரண்டு அறைகளிலும் வைத்துப் பார்த்தார்கள். 1982 முதல் ஓர் அறைக்கு மட்டும் வைக்கத் தொடங்கினார்கள். மூட்டின் நடுவில் குறுக்காக ஓடும் முன் தசைநார், கிரிக்கெட் செய்திகளில் ஏ.சி.எல். என்று அடிபடுகிறதே அதுதான், அறுந்துபோனவர்களுக்கு இந்த மூட்டு சீக்கிரம் பழுதாவதையும் அது நன்றாக இருப்பவர்களுக்கு நீடிப்பதையும் கவனித்தார்கள்.

காரணம் தேடி, வெட்டி எடுத்த எலும்புத் துண்டுகளைப் பார்த்தபோது ஒரு சீர்மை தெரிந்தது. 1991இல் அதை வெளியிட்டார்கள். ஏ.சி.எல். உயிரோடு இருக்கும் மூட்டில் தேய்வு உள்பக்க அறையின் முன்பகுதியிலும் நடுவிலும் மட்டும் இருந்தது. பின்பகுதியில் குருத்தெலும்பு பளபளவென்று முழுசாக நின்றது. இதன் விளைவு அழகானது. நிற்கும்போது தொடையெலும்பு தேய்ந்த முன்பகுதியில் உட்காருகிறது, கால் வளைகிறது, உள்பக்கத் தசைநார் தளர்கிறது. காலை மடக்கி உட்காரும்போது தொடையெலும்பு பின்னுக்கு உருண்டு, தேயாத பகுதியில் ஏறுகிறது; தசைநார் மறுபடி தன் பழைய நீளத்துக்கு இழுபடுகிறது. தினமும் எத்தனையோ முறை இப்படி இழுபடுவதால், கால் வளைந்தாலும் தசைநார் சுருங்குவதில்லை. நோய்க்கு முன்னால் அந்த மூட்டு எவ்வளவு உயரமாக நின்றது என்ற அளவு அதில் அப்படியே பத்திரமாக இருக்கிறது. ஏ.சி.எல். போய்விட்டால் தொடையெலும்பு பின்னால் சரிகிறது, பின்பகுதியும் தேய்கிறது, தசைநாரும் சுருங்கிவிடுகிறது. சாட்சி கலைந்துவிட்டது, இனி முழு மூட்டு மாற்றுதான்.

இதைக் கத்தியெடுக்கும் முன்பே சோதிக்கலாம். நோயாளியைப் படுக்கவைத்து, முழங்காலை 20 டிகிரி மடக்கி, வெளிப்பக்கத்திலிருந்து அழுத்தியபடி எக்ஸ்ரே எடுப்பார்கள். வளைவு தானாகச் சரியாகி, வெளிப்பக்க அறை முழு உயரத்தில் நின்றால் தசைநார் நல்ல நிலையில் இருக்கிறது. அழுத்தியும் அசையாத வளைவென்றால் பகுதி மாற்று அந்தக் காலுக்கு ஆகாது.

அறுவை மேசையில் நடப்பதையும் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். முதலில் கீழ்க்கால் எலும்பின் தேய்ந்த மேற்பரப்பை ஒரு துண்டாக வெட்டி எடுக்கிறார்கள். முழங்காலை 100 டிகிரிக்குமேல் மடக்கிவைத்து, ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் தடிமன் கூடும் உலோகத் தகடுகளை ஒவ்வொன்றாகச் செருகுகிறார்கள். தசைநார் இறுகாமலும் தொளதொளக்காமலும் 4 மி.மீ. தகடு போய்வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பிறகு காலை நீட்டி, ஆனால் முழுதாக நீட்டாமல் 20 டிகிரி மடக்கிலேயே நிறுத்தி, மறுபடி அளக்கிறார்கள். முழுதாக நீட்டினால் மூட்டின் பின்பக்க உறை இறுகிப் பொய்க்கணக்கு காட்டும். இப்போது 1 மி.மீ. தகடுதான் நுழைகிறது. வித்தியாசம் 3 மி.மீ. தொடையெலும்பின் அடிப்பரப்பில் அந்த 3 மி.மீட்டரை மட்டும் கடைந்து எடுக்கிறார்கள். இனி மடக்கினாலும் நீட்டினாலும் ஒரே இடைவெளி. அந்த இடைவெளிக்குப் பொருந்தும் வில்லையைச் செருகி முடிக்கிறார்கள். வில்லைகள் 3 முதல் 9 மி.மீ. வரை, ஒவ்வொரு மில்லிமீட்டராகக் கிடைக்கும்.

காலின் வளைவைக் கடைசியில் தீர்மானிப்பது இந்த வில்லையின் தடிமன்தான். ஆட்டம் காணும் கட்டில் காலுக்கு அடியில் ஓட்டுச்சில்லு வைக்கிறோமே, தேய்ந்த உயரத்துக்குத்தான் வைப்போம். கூட வைத்தால் எதிர்ப்பக்கம் தூக்கும். இங்கும் அதே கணக்கு. மூட்டின் உள்பக்கத் தாங்குமுனைக்கும் வெளிப்பக்கத் தாங்குமுனைக்கும் நடுவே ஏறக்குறைய 5 செ.மீ. தூரம். உள்பக்கத்தை 1 மி.மீ. உயர்த்தினால் கால் சுமார் ஒரு டிகிரி நிமிர்கிறது. காலின் நீளத்தை வைத்துப் பெருக்கிப் பார்த்தால், பாரக்கோடு மூட்டில் 3 முதல் 4 மி.மீ. வரை நகர்கிறது. மூட்டின் மொத்த அகலமே ஏழெட்டு செ.மீ.தான். ஆசைக்கு இரண்டு மில்லிமீட்டர் கூட்டி வைத்தாலும் பாரம் அடுத்த அறையை நோக்கிப் போய்விடும்.

பாரம் அங்கே போனால் என்ன? பிரான்சில் ஃபிலிப் எர்னிகூ, ஜெரார் தெஷாம்ப் இருவரும் பகுதி மாற்று செய்த மூட்டுகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2004இல் வெளியிட்டார்கள். அதிகமாக நிமிர்த்திய கால்களில் வெளிப்பக்க அறை, அதாவது நல்ல நிலையில் இருந்ததால் தொடாமல் விட்ட அறை, தேயத் தொடங்கியது. போதாமல் நிமிர்த்திய கால்களில் பாலிஎத்திலீன் வேகமாகத் தேய்ந்தது. ஆனால் இரண்டு தவறும் ஒரே எடையில்லை. ஆக்ஸ்போர்டு குழுவினர் தங்கள் நகரும் வில்லை மூட்டில் மிச்ச வளைவு இருந்தவர்களை அளந்து 2009இல் எழுதியபோது, சில டிகிரி வளைவு நின்றதால் கெடுதல் எதுவும் வரவில்லை என்று கண்டார்கள். சந்தேகம் வந்தால் சற்றுக் குறைவாக நிமிர்த்து என்பதே இத்துறையில் இன்று பொதுவாக ஒத்துக்கொண்ட நடைமுறை. அனுபவம் குறைந்த கைகள் செய்யும் பெரிய பிழை, காலை நேராக்கும் ஆசையில் உள்பக்கத் தசைநாரைத் தளர்த்திவிடுவது. அந்தத் தசைநார்தான் கடிவாளம். முழு மாற்றில் பழகிய பழக்கத்தை இங்கே கொண்டுவரக்கூடாது.

இதே முழங்காலில் இதே கோட்டை வேண்டுமென்றே வெளிப்புறம் தள்ளும் சிகிச்சையும் உண்டு. இளவயதுக்காரர்களுக்குக் கீழ்க்கால் எலும்பை வெட்டித் திருப்பித் தகடு போடுவார்கள். நோயுள்ள உள்பக்கத்துக்கு ஓய்வு தர, கோட்டை நடுவைத் தாண்டிக் கொண்டுபோவார்கள். எந்த இடம்வரை என்பதற்கு ஜப்பானிய மருத்துவர் புஜிசாவாவின் பெயரில் ஒரு புள்ளியே இருக்கிறது. அவருடைய ஆய்வு வந்தது 1979இல். ஒரு சிகிச்சையில் மருந்தாக இருக்கும் நிமிர்வு அடுத்த சிகிச்சையில் கேடாகிறது. எக்ஸ்ரேயை மட்டும் பார்த்துக் "கால் நேராக வந்துவிட்டது" என்று பாராட்ட முடியாது. என்ன ஆபரேஷன் என்று முதலில் கேட்க வேண்டும்.

நம் நாட்டிலேயே இதற்கு நேரடியான சான்று இருக்கிறது. மும்பையின் மூட்டு மாற்று நிபுணர் அருண் முல்லாஜியும் சகாக்களும், ஒரு காலில் மட்டும் தேய்வு வந்து பகுதி மாற்று செய்துகொண்டவர்களை எடுத்து, சிகிச்சை பெற்ற காலை அவர்களுடைய நல்ல காலோடு ஒப்பிட்டு 2017இல் வெளியிட்டார்கள். பெரும்பாலோருக்கு இரண்டு கால்களும் ஏறக்குறைய ஒரே வளைவில் வந்திருந்தன. நோய்க்கு முந்தைய காலின் நகல் அதே உடம்பில் பக்கத்திலேயே நிற்கும்போது, பாடப்புத்தகத்தின் 180 டிகிரியை எதற்குத் தேட வேண்டும்?

பகுதி மாற்றை இவ்வளவு புகழ்ந்தால் எல்லாருக்கும் அதையே செய்யலாமே என்று தோன்றும். முடியாது. வெளிப்பக்க அறையில் முழுத்தடிமனுக்குத் தேய்வு இருந்தாலோ, முடக்குவாதம் இருந்தாலோ, காலை நீட்ட முடியாதபடி பெரிய மடக்கு நிரந்தரமாக விழுந்திருந்தாலோ பயன்படாது. பல நாட்டுப் பதிவேடுகளில், பகுதி மாற்று செய்தவர்கள் மறு அறுவைக்கு வரும் விகிதம் முழு மாற்றைவிடக் கூடுதல். மறுபுறம், பிரிட்டனில் 27 இடங்களில் 528 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஐந்து ஆண்டு பார்த்த டாப்கேட் ஆய்வு 2019இல் லான்செட்டில் வந்தது. இரண்டும் ஏறக்குறைய ஒரே பலன், பகுதி மாற்றில் செலவு குறைவு என்றது அது. என் பார்வையில், உள்பக்கம் மட்டும் தேய்ந்த நோயாளிக்கு இப்படியொரு வழி இருப்பதையே சொல்லாமல் முழு மாற்றுக்கு எழுதிக்கொடுப்பது நியாயமில்லை. ஆண்டுக்கு ஒன்றிரண்டு மட்டும் செய்கிற மருத்துவரிடம் பகுதி மாற்றுக்குப் போவதும் புத்திசாலித்தனமில்லை.

தரையில் உட்காரும் நம் பழக்கம் இங்கே தனிச் சிக்கல். ஏ.சி.எல். காப்பாற்றப்படுவதால் பகுதி மாற்றில் கால் நன்றாக மடங்கும். ஆனால் நகரும் வில்லை வைத்தவர்கள் ஆழமாகக் குத்தவைத்து, சம்மணமிட்டு உட்காரும்போது வில்லை இடம் பிசகும் வாய்ப்பு உண்டு. ஜப்பான், கொரியா போன்ற ஆசிய நாடுகளில் இது மேற்கைவிடக் கூடுதலாகப் பதிவாகியிருக்கிறது. அதனால் நம் மருத்துவர்கள் பலர் வில்லை தட்டோடு பொருந்தி நிற்கும் வகையை விரும்புகிறார்கள். எந்த வகை வைத்தாலும், வீட்டுக்குத் திரும்பிய பிறகு பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு நாள் முழுக்கத் தரையில் உட்காரக்கூடாது. உயரமான நாற்காலியும் மேற்கத்திய கழிப்பறையும் அறுவைக்கு முன்பே வீட்டில் தயாராக இருக்கட்டும்.

அறுவைக்குப் பிறகு கால் எப்படி இருக்கிறது என்று முதல் வாரத்திலேயே முடிவு கட்ட வேண்டாம். வீக்கம் இருக்கும், தொடைத் தசை பலவீனமாக இருக்கும், மூட்டு முழுதாக நீளாமல் ஏழெட்டு டிகிரி மடங்கியே இருக்கும். மடங்கிய கால் கொஞ்சம் திரும்பி நின்றாலே வளைவு இரட்டிப்பாகத் தெரியும். வலிக்குப் பயந்து பல வருடம் சாய்ந்து நடந்த இடுப்புக்கும் அந்தச் சாய்வு பழகிப்போயிருக்கும். நடை மாறத் தொடைத் தசைப் பயிற்சியும் சில மாதங்களும் தேவை. அடுத்த கால் இன்னும் தேய்ந்து வளைந்தே இருந்தால், சரியான கால் நீளமாகிவிட்டதுபோல் தோன்றும். இவை எல்லாம் அடங்கிய பிறகுதான் அளவு எடுக்க வேண்டும்.

அளவு என்றால் முழங்காலை மட்டும் காட்டும் சின்ன எக்ஸ்ரே போதாது. இடுப்பிலிருந்து கணுக்கால்வரை இரண்டு கால்களும் ஒரே படத்தில், நின்றபடி எடுத்த நீளப்படம் வேண்டும். ஸ்கேன் சென்டர்களில் ஸ்கேனோகிராம் என்று கேட்டால் தெரியும். படுக்கவைத்து எடுத்த படத்தில் பாரம் இறங்காது, வளைவும் உண்மையைச் சொல்லாது. இந்த வசதி எல்லா ஊரிலும் இல்லை. திருவேங்கடம் பக்கத்து ஆட்கள் திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ போக வேண்டியிருக்கும். அறுவைக்குப் போகிற ஊரிலேயே முன்பு ஒன்று, பின்பு மூன்று மாதம் கழித்து ஒன்று என்று இரண்டு படம் எடுத்துக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், தங்களுக்குச் சொன்ன அறுவை முழு மாற்றா, பகுதி மாற்றா, அந்த மருத்துவமனையில் அது திட்டத்தில் வருகிறதா என்பதைச் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

மூட்டு வலியோடு டாக்டரைப் பார்க்கப் போகிறவர்கள், கூடப் போகிற மகனோ மகளோ நான்கு கேள்விகளைக் கேளுங்கள். தேய்வு உள்பக்கம் மட்டுமா? ஏ.சி.எல். நன்றாக இருக்கிறதா? அழுத்தி எடுத்த படத்தில் வளைவு சரியாகிறதா? எத்தனை டிகிரியில் நிறுத்தப் போகிறீர்கள்? பகுதி மாற்று ஆகிவிட்டதென்றால், நலம் கேட்க வந்தவர்கள் காலைப் பார்த்துச் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். வலி இல்லை, நீளப்படத்தில் கோடு மூட்டின் நடுவுக்குச் சற்று உட்புறம் ஓடுகிறது என்றால் வேலை சரியாக நடந்திருக்கிறது. அதுவே, முழங்கால் உட்புறம் சாய்ந்து மற்ற முழங்காலோடு இடிக்கத் தொடங்கினாலோ, மூட்டின் வெளிப்பக்கத்தில் புதிதாக வலி வந்தாலோ தள்ளிப்போடாமல் அறுவை செய்த மருத்துவரிடமே போய்க் காட்டுங்கள்.